சிவப்பெழுத்து வேதாகமம்: ஒரு ப்ரூஃப் ரீடர் மூன்று வருடம் படித்த பிறகு

நான் 22 வருடமாக ப்ரூஃப் பார்க்கிறவள். பாடப்புத்தகம், ஆண்டறிக்கை, நாவல், எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். சிவப்பு என்றாலே "இங்கே தப்பு இருக்கிறது" என்று கண்ணுக்குப் பழகிப்போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது சிவப்பு மையில் அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி.

இயேசு பேசிய வார்த்தைகளை மட்டும் சிவப்பில் அச்சிட்ட பைபிளைச் சிவப்பெழுத்து வேதாகமம் என்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் ஒன்று வாங்கினேன். கைக்கு அடக்கமான அளவு, கறுப்பு அட்டை, பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஒரே ஒரு நாடா. அதற்கு முன் என்னிடம் இருந்தது ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கிடைத்த சாதாரணப் பதிப்பு. அதன் தையல் விட்டு, ரோமர் நிருபம் தனியாகக் கழன்று வந்துவிட்டதால்தான் புதிது வாங்க வேண்டியதாயிற்று.

பொருளைப் பற்றி முதலில். பைபிள் தாள் மெல்லியது என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் பிரிண்ட் எடுக்கிற தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பைபிள் தாள் பெரும்பாலும் 28 முதல் 40 ஜிஎஸ்எம்முக்குள்தான். அவ்வளவு மெல்லிய தாளில் இரண்டு நிறம் அடிப்பது சுலபமான வேலை இல்லை. கறுப்பு ஒரு தட்டு, சிவப்பு ஒரு தட்டு. இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் சிவப்பு வரி மேலே ஏறியோ கீழே இறங்கியோ தெரியும். என் பிரதியில் அந்த வேலை பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கிற பக்கங்களின் தொகுதி, மட்டும் சரியில்லை. பதினாறு பக்கத்துக்குச் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. இரவில் மஞ்சள் விளக்கில் அந்தப் பக்கங்களைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கும், சிவப்பைப் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது உண்மையான குறை. வாங்குகிறவர்கள் நான்கு சுவிசேஷத்தையும் முழுக்கப் புரட்டி, எல்லா ஃபாரத்திலும் மை ஒரே அடர்த்தியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மத்தேயுவில் நன்றாக இருப்பது லூக்காவிலும் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிவப்பால் இன்னொரு நன்மை உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறி கிடையாது. "அவனை நோக்கி" என்று சொல்லி ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் பேச்சு, கடைசியில் "என்றார்". நீளமான பேச்சு என்றால் யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே மறந்துபோகும். இந்தப் பதிப்பில் முக்காற்புள்ளிக்குப் பிறகு சிவப்பு தொடங்கி, "என்றார்" வந்ததும் கறுப்புக்குத் திரும்பிவிடும். குழந்தைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்போது குரலை எங்கே மாற்ற வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடுகிறது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவர்களுக்கு இதற்காகவே இந்தப் பதிப்பைச் சொல்வேன்.

ஆனால் எது சிவப்பு, எது கறுப்பு என்பதைப் பதிப்பாசிரியர்தான் முடிவு செய்கிறார். மூல கிரேக்கத்தில் மேற்கோள் குறி இல்லை. யோவான் 3-ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமுவிடம் இயேசு பேசுகிற பேச்சு 15-ஆம் வசனத்தோடு முடிகிறது என்பார் சிலர், 21 வரை போகிறது என்பார் சிலர். எல்லோருக்கும் மனப்பாடமான 3:16 ஒரு பதிப்பில் சிவப்பாகவும் இன்னொன்றில் கறுப்பாகவும் இருப்பது அதனால்தான். இரண்டுமே வேதம்தான், நிறத்தை வைத்து ஒன்றைப் பெரிதாக்கி ஒன்றைச் சிறிதாக்க முடியாது. நான் அப்படிச் செய்தேன் என்பதால்தான் சொல்கிறேன்.

முதல் வருடம் முழுக்க நான் சிவப்பை மட்டுமே படித்தேன். அவசரமான காலை நேரத்தில் அது வசதியாக இருந்தது. மத்தேயு 5, 6, 7 மூன்று அதிகாரமும் சேர்ந்து 111 வசனங்கள். முதல் இரண்டும் கடைசி இரண்டும் தவிர எல்லாமே சிவப்பு. பக்கத்தைத் திறந்தாலே நெருப்பாகத் தெரியும். ஆண்டவருடைய வாயிலிருந்து வந்ததை நேராகப் படிக்கிறேன் என்ற சந்தோஷம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் 22 வருடப் பழக்கம் எங்கே போகும்? சிவப்பைப் பார்த்ததும் மனசு தப்பைத் தேடியது. அதுவும் அடுத்தவர் தப்பை. "பணத்தாசை பற்றிச் சொல்லியிருக்கிறாரே, இது அத்தைக்குப் பொருந்தும்." "ஜெபத்தில் வீண் வார்த்தை அலப்பாதே என்கிறாரே, நம் குழுவில் அவர் இதைப் படிக்க வேண்டும்." தன் கண்ணில் கிடக்கிற உத்திரத்தை விட்டுவிட்டு அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்கிறவனைப் பற்றிய வசனத்தைப் படித்தபோதுகூட, இது யாருக்குப் பொருந்தும் என்று இரண்டு பெயர் நினைவுக்கு வந்தது. இரண்டும் என் பெயர் இல்லை.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொண்டோம். என் தம்பி இரண்டு மாதம் வரவே இல்லை. ஒரு ராத்திரி, அம்மா தூங்கின பிறகு, மத்தேயு 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து, தகப்பனையும் தாயையும் கனம்பண்ண வேண்டும் என்று இயேசு எடுத்துச் சொல்கிற 4-ஆம் வசனத்தை போனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சிவப்பு எழுத்தே பேசட்டும் என்று நினைத்தேன். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். "வசனம் எனக்கும் தெரியும்க்கா. நீ எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்கலையே" என்றான். அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெறுங்கையோடு அம்மா முகத்தில் விழிக்க மனசு வரவில்லை என்றான்.

அந்த வசனத்தை இயேசு யாரிடம் சொன்னார் என்று அப்புறம்தான் கவனித்தேன். வேதத்தைக் கரைத்துக் குடித்து, அதை வைத்து அடுத்தவரைக் குற்றம் பிடிக்க வந்த வேதபாரகரிடமும் பரிசேயரிடமும் சொன்னது. முதல் மூன்று வசனத்தைப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் 4-ஐ மட்டும் வெட்டி எடுத்து அனுப்பியிருக்கிறேன். முன்பின் பார்க்காமல் ஒரு வரியைத் திருத்தாதே என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

இதற்குப் பிறகுதான் கறுப்பைப் படிக்க ஆரம்பித்தேன்.

மாற்கு 1:41-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகி ஒருவன் வந்து முழங்காற்படியிட்டுக் கேட்கிறான். என் பிரதியில் அந்த ஒரே வசனம் இரண்டு நிறத்தில் இருக்கிறது. மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு. இவ்வளவும் கறுப்பு. அப்புறம் முக்காற்புள்ளி. அதற்குப் பிறகுதான் "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்ற சிவப்பு. அந்தப் புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னும் சுத்தமாகவில்லை. லேவியராகமத்தின்படி பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டியவன். எத்தனை வருடமாக யார் கையும் அவன் மேல் படாமல் இருந்ததோ. அவனிடம் முதலில் போனது கை, வார்த்தை அதற்குப் பின்னால்தான் போனது. நான் தம்பிக்கு அனுப்பியதில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்க வேண்டியது எதுவுமே இல்லை.

அப்புறம் தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுதது கறுப்பு. பணக்கார வாலிபன் ஒருவன் வந்து, கட்டளை எல்லாவற்றையும் சிறுவயதிலிருந்தே கைக்கொண்டேன் என்கிறபோது, இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறாரே, அது கறுப்பு. உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற கடினமான சிவப்பு வரி அதற்குப் பின்னால்தான் வருகிறது. யோவான் 8-இல், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம், உங்களில் பாவமில்லாதவன் முதலில் கல்லெறியட்டும் என்று இயேசு சொன்னது எல்லோருக்கும் தெரியும், அது சிவப்பு. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் குனிந்து தரையில் எழுதுகிறார். இரண்டு கறுப்பு வரிக்கு நடுவே ஒரு சிவப்பு வரி. கூட்டமே அந்தப் பெண்ணை முறைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண் தரையில் இருந்தது. அவளுக்காகவே கண்ணைத் தாழ்த்தினார் என்பது என் எண்ணம். வசனம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

என்னை ரொம்பப் பாதித்தது லூக்கா 22:61. அந்த ரோஸ் நிற ஃபாரத்தில்தான் இருக்கிறது. சீஷனான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்றாம் தரம் மறுதலித்து முடிக்கவில்லை, சேவல் கூவிவிடுகிறது. கர்த்தர் திரும்பி அவனைப் பார்க்கிறார். அவ்வளவுதான். பேதுருவிடம் அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "நான் சொன்னேனே" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. நீ என்னை மறுதலிப்பாய் என்று அன்று சாயங்காலம்தானே சொல்லியிருந்தார். சொல்லவில்லை, பார்த்தார். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான். யாரையாவது திருத்த வேண்டும் என்று மனசு துடிக்கும்போதெல்லாம் இந்த வசனத்துக்குப் போகிறேன். பக்கத்தின் ஓரம் நைந்துவிட்டது.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-க்கு வருகிறேன். நாடா இப்போது நிரந்தரமாக அங்கேதான் கிடக்கிறது. 4, 5 வசனங்களில் சிவப்பே கிடையாது. எழுந்து, வஸ்திரத்தைக் கழற்றிவைத்து, சீலையை எடுத்து, அரையில் கட்டி, தண்ணீர் வார்த்து, கால்களைக் கழுவி, துடைத்து. வினைச்சொல் வினைச்சொல்லாக அடுக்கியிருக்கிறது. ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும். யூதாஸ் அறையை விட்டு வெளியே போவது 30-ஆம் வசனத்தில். அப்படியென்றால் அவன் காலும் கழுவப்பட்டது. அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறான் என்று தெரிந்தே கழுவினார். "நான் செய்ததுபோல நீங்களும் செய்யுங்கள்" என்கிற சிவப்பு வரி வேலை முடிந்து, வஸ்திரத்தைத் திரும்பப் போட்டு, உட்கார்ந்த பிறகு வருகிறது.

நான் தம்பி வீட்டுக்குப் போனேன். பையில் பைபிள் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. "விடுக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றான். நான் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். நான் முதுகைக் காட்டி நின்றதாலோ என்னவோ, அவன் பேசினான். வேலை போன நாள், வீட்டில் சொல்லாமல் காலையில் கிளம்பிப்போய் நூலகத்தில் உட்கார்ந்திருந்தது, ராத்திரி தூக்கம் வராதது. ஒன்றரை மணி நேரம் பேசியிருப்பான். நான் குழாயை மெதுவாகத் திறந்து வைத்துக்கொண்டேன், சத்தத்தில் அவன் நிறுத்திவிடக் கூடாதே என்று. மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான். அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வந்தான், வெறுங்கையோடுதான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சிவப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிவப்பில் எனக்குப் பிரியமான இடம் ஒன்று இருக்கிறது, அது சுவிசேஷத்திலேயே இல்லை. 2 கொரிந்தியர் 12:9. பவுல், மாம்சத்திலே ஒரு முள் என்று தான் சொல்கிற துன்பத்தை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொள்கிறார். பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் திடீரென்று ஒரு கை விரல் நீளத்துக்குச் சிவப்பு: "என் கிருபை உனக்குப் போதும்." முள்ளை எடுத்தேன் என்று இல்லை. என் முன்கோபமும் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தியும் மூன்று வருடத்தில் போய்விடவில்லை. அந்தச் சின்னச் சிவப்பு அங்கே இருக்கிறது என்பது எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையில் லேஅவுட் செய்கிறவர் வேறு மதத்தைச் சேர்ந்தவர். மதிய இடைவேளையில் நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் மேடம் ரெண்டு கலர்ல அடிச்சிருக்காங்க?" என்று கேட்டார். லூக்கா 10-ஐக் காட்டினேன். அவர் கூர்மையான ஆள். அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன் உதவுகிற நல்ல சமாரியன் கதை முழுக்கச் சிவப்பாக ஓடி, கடைசியில் கேள்வி கேட்டவன் பதில் சொல்கிற இடத்தில் கறுப்பாவதைக் கவனித்தார். "இரக்கம் செய்தவன்னு சொல்றாரு, சமாரியன்னு வாயால சொல்ல மாட்டேங்கிறாரே" என்றார். இத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது படவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் பக்கங்களையும் சேர்த்து ராத்திரி உட்கார்ந்து முடித்துக்கொடுத்தவர் இவர்தான். யாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. இவருக்கு எப்போது சுவிசேஷம் சொல்வது என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் இயேசு, வேதம் படித்த ஒருவரிடம், வேறு வழியில் தொழுகிற ஒருவனைக் காட்டித்தான் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்கிறார். இப்போதும் அவரிடம் என் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறேன், கேட்டால் மறைப்பதில்லை. ஆனால் அவரிடம் கற்றுக்கொள்ளவும் செய்கிறேன்.

இந்தப் பதிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தொழில்முறையில் ஆர்வமுள்ள விஷயம். பழைய கையெழுத்துப் பிரதிகளில் தலைப்புகளைச் சிவப்பில் எழுதும் வழக்கம் உண்டு. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிடும் யோசனை வந்தது லூயிஸ் க்ளாப்ஷ் என்பவருக்கு. நியூயார்க்கில் கிறிஸ்டியன் ஹெரால்ட் பத்திரிகையை நடத்தியவர். "இந்தப் பாத்திரம் என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை" என்கிற லூக்கா 22:20-ஐப் படித்தபோது, இரத்தத்தின் நிறத்திலேயே அச்சிட்டால் என்ன என்று தோன்றியதாம். 1899-இல் புதிய ஏற்பாடு, 1901-இல் முழு பைபிள். அதே மனிதர் ரஷ்யாவிலும் இந்தியாவிலும் பஞ்சம் வந்தபோது தன் பத்திரிகை வாசகர்களிடம் பணம் திரட்டித் தானியம் அனுப்பியவர். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு நிறைந்தது. திருத்துகிறவனின் மை என்று நான் எடுத்துக்கொண்டது அவருக்கு இரத்தத்தின் நிறமாக இருந்திருக்கிறது.

சரி, மற்ற விஷயங்கள். தையல் பைண்டிங், மேஜையில் விரித்தால் தானாக மூடாமல் கிடக்கிறது, மூன்று வருடத்தில் ஒரு தாள்கூடக் கழலவில்லை. ஓரத்தில் இடம் ரொம்பக் குறைவு, குறிப்பு எழுதுகிறவர்களுக்குப் போதாது. ஜெல் பேனா பின்பக்கம் ஊறிவிடும், பென்சில்தான் சரி. ஒரு நாடா போதாது, பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று தனியாக வேண்டும். ஒரே ஒரு அச்சுப் பிழை கண்டேன்: மாற்குவில் ஓர் இடத்தில் "என்றார்" என்ற சொல்லும் சிவப்பாகிவிட்டது. பதிப்பகத்துக்கு எழுதினேன். எழுதும்போது முதல் பத்தியில், இந்தப் புத்தகம் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு, பிழையை அடுத்த பத்தியில் வைத்தேன். அடுத்த அச்சில் சரிசெய்வதாகப் பதில் வந்தது.

முதல் முறையாக பைபிள் வாங்குகிறவருக்கு இதைச் சொல்வேனா என்றால், சொல்வேன், ஆனால் மாற்குவிலிருந்து தொடங்குங்கள் என்று சேர்த்துச் சொல்வேன். நான்கில் சிறியது, நடப்பது அதிகம், பேசுவது குறைவு. அதனால் இரண்டு நிறமும் கண்ணில் படும். கண்பார்வை மங்கியவர்களுக்கு ஒரே நிறத்தில் பெரிய எழுத்துப் பதிப்பே நல்லது. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் கடையிலேயே எல்லா ஃபாரத்தையும் பார்த்துவிடுங்கள்.

போன மாதம் தம்பிக்கு ஒன்று வாங்கினேன். வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு. கடையில் நின்று நான்கு சுவிசேஷத்தையும் ஃபாரம் ஃபாரமாகப் புரட்டி, மை ஒரே மாதிரி இருந்த பிரதியை எடுத்தேன். யாருக்கு பைபிள் கொடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒரு வசனம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இதில் அவன் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதினேன்.